முதன்முறை டி.எம். ஆகிறீர்கள், கையில் 20 பக்கக் கதை: என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட முடிவு செய்திருக்கிறார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை நகர்த்தும் விளையாட்டு அது. யாரும் இதுவரை ஆடியதில்லை. கேட்டவர்தான் டி.எம்., அதாவது ஆட்டத்தை நடத்துபவர். மற்ற நான்கு பேருக்கும் ஆளுக்கொரு கேரக்டர். சனிக்கிழமைக்காக 20 பக்கத்தில் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். "இவர்கள் கதையை விட்டு வெளியே போனால் எப்படித் திருப்பிக் கொண்டுவருவது? ரூல்ஸ் முழுவதும் தெரியாமல் நடத்தலாமா?" என்று கேட்கிறார். பகடையும் கிடைக்கவில்லையாம்.

பன்னிரண்டு வருஷமாக நண்பர்களுக்கு ஆட்டம் நடத்திக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் நானும் இப்படித்தான் கதை எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 20 பக்கம். உழைத்து எழுதியதைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். அதில் வரும் ஊர், ஆட்கள், குகை, பகை எல்லாம் இருக்கட்டும். 'பிறகு அவர்கள் குகைக்குள் நுழைகிறார்கள்', 'பிறகு அரசனிடம் திரும்பி வருகிறார்கள்' என்று நண்பர்களின் கேரக்டர்கள் செய்வதாக எழுதிய வரிகளை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த வரிகளை எழுத வேண்டியவர்கள் அவர்கள். அடித்தது போக நான்கு பக்கம் மிஞ்சினாலும், அதை வைத்து இரண்டு மூன்று சனிக்கிழமை ஓட்டலாம்.

இப்படிச் சொல்வதற்கு இந்த விளையாட்டின் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது. 1969-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து இரட்டை நகரங்களான மினியாபோலிஸ், செயின்ட் பால் பகுதியில் போர் விளையாட்டு ஆடும் ஒரு குழு இருந்தது. மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, பழைய காலத்துச் சண்டைகளைத் திரும்ப ஆடுவார்கள். அவர்களில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு புது முயற்சி செய்தார். நெப்போலியன் காலத்தில் பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஜெர்மானிய ஊர். படைத் தளபதிகளோடு, அந்த ஊரின் மேயர், வங்கிக்காரர் என்று தனித்தனி மனிதர்களாகவும் சிலரை ஆட வைத்தார். சண்டைக்கு முன்னால் நடக்கும் சின்ன விஷயங்களை இவர்கள் ஆடுவார்கள், பிறகு படைகள் மோதும் என்பது அவர் கணக்கு. ஆனால் ஆளாளுக்கு அவரைத் தனியே அழைத்து ரகசியத் திட்டம் சொன்னார்கள். தங்களுக்குள் பேரம் பேசினார்கள், ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்த்தார்கள். சண்டை வரைக்கும் ஆட்டம் போகவே இல்லை. தோற்றுவிட்டோம் என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னசன் அதைப் பிடித்துக்கொண்டு பிளாக்மூர் என்ற தன் உலகத்தைக் கட்டினார். கோட்டைக்கு அடியில் சுரங்கம், ஒவ்வொருவருக்கும் ஒரு கேரக்டர், விட்ட இடத்திலிருந்து அடுத்த முறை தொடரும் ஆட்டம். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸுக்கு அதை ஆடிக் காட்டினார். இருவருமாகச் செய்ததுதான் 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். முதல் அச்சு 1000 பெட்டி. ஆக, நடத்துபவர் போட்ட திட்டம் குலைந்ததில்தான் இந்த விளையாட்டே தொடங்கியது. உங்கள் நண்பர்கள் வேறு பக்கம் போனால் திருப்பிக் கொண்டுவர வேண்டாம், அவர்களோடு போங்கள்.

அப்படிப் போவதற்கு நீங்கள் எழுத வேண்டியது கதையை விட நிலவரம். யார் யாருக்கு என்ன வேண்டும், யாரும் குறுக்கே வராவிட்டால் நாளை என்ன நடக்கும். இவ்வளவுதான். புதியவர்களுக்கு நான் அடிக்கடி நடத்தும் ஒன்றை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைக் கணவாய்க்குக் கீழே ஒரு கிராமம். மூன்று நாளில் பனி விழுந்து கணவாய் மூடிவிடும். குளிர்காலத்துக்கு உப்பு ஏற்றி வந்த வண்டியைக் காணோம். அதைக் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் கூட்டம் ஒன்று கடத்தியிருக்கிறது. கோப்ளின்களுக்கும் உப்பு தேவை, வேட்டையாடிய கறியை உப்புக்கண்டம் போட்டால்தான் அவர்கள் குட்டிகள் குளிர்காலத்தைத் தாண்டும். இத்தனை வருஷம் அவர்களுக்கு யார் உப்பு கொடுத்தது? கிராமத்துப் பெரிய வியாபாரி ஒருத்தி, ஊருக்குத் தெரியாமல், தோலுக்குப் பதிலாக. இந்த வருஷம் விலையை இரண்டு மடங்காக்கிவிட்டாள். வண்டிக்காரன் குகையில் கட்டிப்போடப்பட்டு உயிரோடு இருக்கிறான். யாரும் எதுவும் செய்யாவிட்டால்: முதல் இரவு வியாபாரி கூலிக்கு ஆள் வைத்துக் குகையைக் கொளுத்த ஏற்பாடு செய்வாள், ஏனென்றால் தன் ரகசியம் வெளியே வரக்கூடாது. இரண்டாம் நாள் கோப்ளின்கள் பாலத்தை அறுத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் பனி.

ஒரு பக்கம்கூட வராது. ஆனால் இதே ஒரு பக்கத்தை நான் நடத்தியபோது ஒரு குழு நேரே குகைக்குப் போய் வாளை எடுத்தது. இன்னொரு குழு கோப்ளின் தலைவனையும் வியாபாரியையும் பாலத்தின் நடுவில் நிறுத்தி விலை பேச வைத்தது. அந்தப் பேரத்தில் பூசாரியாக ஆடிய நண்பர் உப்பு மூட்டையை எடை போடும் தராசைத் தன் கையில் வைத்துக்கொண்டார், அதற்காக யாரும் அவரைக் கேட்கவில்லை. மூன்றாவது குழு வியாபாரியோடு சேர்ந்துகொண்டது! எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அது அவர்கள் முடிவு. அந்தக் குளிர்காலத்தில் கிராமத்தைச் சுற்றி என்ன நடந்தது என்பதுதான் அடுத்த நான்கு மாத ஆட்டம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவர்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டிய தகவலை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வியாபாரியின் ரகசியத்தை முதல்முறை நான் அவளுடைய பூட்டிய பெட்டிக்குள் ஒரு கணக்கு நோட்டில் மட்டும் வைத்தேன். திருடனாக ஆடிய நண்பன் பூட்டைத் திறக்கப் பகடை உருட்டினான், 4தான் விழுந்தது. பெட்டி திறக்கவில்லை. அடுத்த 40 நிமிஷம் நான்கு பேரும் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், நானும் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையது. இப்போது அதே ரகசியம் மூன்று இடத்தில் இருக்கிறது: நோட்டில், வியாபாரியின் கொட்டகையில் அடுக்கியிருக்கும் காட்டு மிருகத் தோல்களில், வண்டிக்காரனின் வாயில். ஏதாவது ஒன்று கட்டாயம் தட்டுப்படும்.

சரி, ரூல்ஸ். 2014 பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சுமார் 400 பக்கம். 2024-ல் திருத்திய பதிப்பு வந்துவிட்டது, ஆனால் நீங்கள் எதில் தொடங்கினாலும் ஒன்றுதான், இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். நான் கீழே சொல்லும் எண்கள் 2014-க்கு உரியவை. 400 பக்கத்தில் பாதிக்கு மேல் மந்திரங்களும் மிருகங்களும்தான். சனிக்கிழமைக்குள் சண்டை பற்றிய பகுதியை இரண்டு தடவை படியுங்கள், நான்கு கேரக்டர்களின் முதல் லெவல் திறன்களைப் படியுங்கள். மீதி தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால் ஒரு நிமிஷத்துக்குள் ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டு நகருங்கள். 'இப்போதைக்கு இப்படி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்' என்றால் நண்பர்கள் ஒத்துக்கொள்வார்கள். சொன்னபடி பார்த்தும் சொல்லுங்கள், அதில் நம்பிக்கை வளரும்.

எல்லா ரூல்ஸுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: 20 முகப் பகடையை உருட்டி, உங்கள் திறனுக்கு உரிய எண்ணைக் கூட்டி, டி.எம். வைத்த இலக்கைத் தொட்டால் வெற்றி. சுலபமானதற்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 என்று புத்தகம் சொல்கிறது. புது டி.எம். எல்லாரும் இங்கே ஒரு தப்பு செய்கிறோம். 'நடுத்தரம்தானே' என்று எதற்கெடுத்தாலும் 15 வைக்கிறோம். பயிற்சி உள்ள முதல் லெவல் கேரக்டர் ஒருவனுக்கு +5 இருந்தால் அவன் 10 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும், 55% வாய்ப்பு. பயிற்சி இல்லாதவனுக்கு +0 என்றால் 15 விழ வேண்டும், 30%தான். பத்துக்கு ஏழு தடவை தோல்வி. வீரன் என்று நினைத்து ஆட வந்த நண்பனுக்கு ஏழு தடவை வழுக்கி விழுந்தால் எப்படி இருக்கும்? முதல் சில வாரம் 10, 12, 13 என்று வையுங்கள். நல்ல யோசனை சொன்னால் அட்வான்டேஜ் கொடுங்கள், அதாவது இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 11 விழ வேண்டிய இடத்தில் அது 50 சதவீதத்தை 75 ஆக்கிவிடும். யோசித்தால் பலன் உண்டு என்று தெரிந்தால் அவர்கள் இன்னும் யோசிப்பார்கள்.

அப்புறம், எப்போது உருட்டச் சொல்வது என்பது எவ்வளவு இலக்கு என்பதை விட முக்கியம். 'தோற்றால் என்ன ஆகும்?' என்று மனதுக்குள் கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் பகடை வேண்டாம். யாரும் துரத்தாதபோது, கயிறும் நேரமும் இருக்கும்போது, சுவர் ஏறுவதற்கு எதற்கு உருட்டல்? ஏறிவிட்டார்கள். துரத்துகிறார்கள் என்றால் உருட்டுங்கள். தோற்றாலும் 'ஏறவில்லை' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். ஏறிவிட்டாய், ஆனால் பை கீழே விழுந்துவிட்டது. ஏறிவிட்டாய், ஆனால் காவல்காரன் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறான். பகடை எதைக் காட்டினாலும் நிலவரம் மாற வேண்டும். என் பெட்டிப் பூட்டுக் கதையில் நான் செய்யத் தவறியது இதைத்தான். பெட்டி திறந்துவிட்டது, ஆனால் வாசலில் வியாபாரி நிற்கிறாள் என்று சொல்லியிருந்தால் அந்த இரவே வேறு மாதிரி போயிருக்கும்.

இப்போது சண்டை. இதில் எண்களைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் லெவல் கேரக்டர்கள் நாம் நினைப்பதை விட மெலிந்தவர்கள். ஒரு கோப்ளினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஹெச்.பி., அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண், 7தான், குட்டி ஜீவன். ஆனால் அதன் வில்லுக்கு +4, அம்பு பட்டால் ஆறு முகப் பகடையோடு 2, சராசரி 5.5 சேதம். முதல் லெவல் மந்திரவாதிக்கு ஹெச்.பி. 8 இருந்தால் பெரிது, அடியைத் தடுக்கும் எண்ணான ஏ.சி. 12. சாதாரணமாக எய்தால் 65% படும். புதரில் ஒளிந்திருந்து எய்தால் அட்வான்டேஜ், கிட்டத்தட்ட 88%. நான்கு கோப்ளின்களும் ஒளிந்திருந்து அதே மந்திரவாதியை அடித்தால் சராசரி 19-க்கு மேல் சேதம். அவனுக்கு இருப்பது 8. முதல் சுற்றிலேயே, அவன் முறை வருவதற்கு முன்பே, தரையில்.

இதே கணக்கைப் போடாமல் நான் முதல் ஆட்டத்தை நடத்தினேன். 25 நிமிஷத்தில் நான்கு கேரக்டரும் செத்துப்போனார்கள். ஒரு தோழி தன் மந்திரவாதிக்காக ஒரு வாரம் உட்கார்ந்து அவளுடைய ஊர், அம்மா, அவள் ஏன் மந்திரம் படிக்க வந்தாள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதில் ஒரு வரியைக்கூட மேஜையில் சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் நோட்டை மூடி வைத்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் இப்போது என்ன செய்கிறேன் என்றால், முதலில் இரண்டு கோப்ளின்தான். மற்ற இரண்டும் மூன்றாவது சுற்றில் சத்தம் கேட்டு வரும், அதுவும் நிலைமையைப் பார்த்துத்தான். அம்புகள் ஒரே ஆளைத் தேடி வராது. கோப்ளின் பயந்த சுபாவம் உள்ளது, பெரிய கவசத்தோடு ஓடிவருகிறவனைத்தான் முதலில் பார்க்கும். சங்கிலிக் கவசமும் கேடயமும் சேர்ந்த போர்வீரனின் ஏ.சி. 18, அவன்மீது 35%தான் படும். கூட்டத்தில் பாதி விழுந்தால் மீதி ஓடிவிடும். உயிருக்குப் பயப்படாத எதிரி நிஜமாகவும் தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரிக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இந்தக் கோப்ளின்களுக்கு வேண்டியது உப்பு. கீழே விழுந்தவனைக் கொல்வதால் உப்பு கிடைக்காது, கட்டித் தூக்கிப்போனால் பேரம் பேசலாம். தோற்றுப்போன சண்டைகூட இப்படி ஆட்டத்தை முடிக்காமல் குகைக்குள் கொண்டுபோய்விடும்.

ஹெச்.பி. பூஜ்யம் ஆனால் உடனே சாவு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், அதை நண்பர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்டுவார், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நல்லது. மூன்று நல்லது வந்தால் பிழைப்பு, மூன்று கெட்டது வந்தால் சாவு. யாரும் உதவாவிட்டாலும் பிழைக்க ஏறக்குறைய 60% வாய்ப்பு. பூசாரி இருந்தால் ஹீலிங் வேர்ட் என்ற குணமாக்கும் மந்திரத்தை 60 அடி தூரத்திலிருந்தே சொல்லி எழுப்பிவிடலாம். நண்பர்களில் யாராவது ஒருவர் பூசாரியாக இருந்தால் முதல் லெவல் எவ்வளவோ நிம்மதி.

பகடையை மறைத்து உருட்டி, வேண்டாத எண் வந்தால் மாற்றிச் சொல்லலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நிறைய டி.எம். செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால், அதற்குப் பிறகு அவர்கள் ஜெயித்த எந்தச் சண்டையும் அவர்கள் ஜெயித்ததாக இருக்காது. எல்லார் முன்னாலும் உருட்டுங்கள், கருணையைக் கோப்ளின்களின் எண்ணிக்கையில் காட்டுங்கள்.

அடுத்து, யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம்: எந்த மொழியில் ஆடுவது. புத்தகம் ஆங்கிலம், பார்க்கும் வீடியோக்கள் ஆங்கிலம். அதனால் தமிழ் நண்பர்கள் ஐந்து பேர் உட்கார்ந்தாலும் டி.எம். வாயைத் திறந்தவுடன் ஆங்கிலம் வந்துவிடுகிறது. மேஜை கொஞ்சம் விறைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் என்ன பேசுகிறீர்களோ அதில் ஆடுங்கள். ஹெச்.பி., ஸ்பெல் ஸ்லாட் போன்ற ரூல்ஸ் வார்த்தைகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அவற்றை மொழிபெயர்க்கப் போனால் யாருக்கும் புரியாது. இருட்டும் வாசனையும் பயமும் தமிழில் வரட்டும்.

தமிழில் ஆடுவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. நமக்கு நீ இருக்கிறது, நீங்கள் இருக்கிறது, வாடா, வாங்க, தலைவரே எல்லாம் இருக்கிறது. கோப்ளின் தலைவன் போர்வீரனைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மந்திரவாதியைப் பார்த்து "நீ அங்கயே நில்லு" என்றால், அவன் யாரைக் கண்டு பயப்படுகிறான், யாரை மதிக்கவில்லை என்பது ஒரு நொடியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வியாபாரி முதல் நாள் "தம்பி, என்ன வேணும்?" என்றவள், ரகசியம் வெளியானதும் "உனக்கு என்னடா வேணும்?" என்று மாறினால் வேறு வர்ணனையே தேவையில்லை. ஒரு தடவை, எப்போதும் வாய் திறக்காத ஒரு நண்பன் கோப்ளின் தலைவனை "பெரியவரே" என்று கூப்பிட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேஜையே அமைதியாகிவிட்டது. நான் பகடையே கேட்கவில்லை, தலைவன் வாளைக் கீழே வைத்தான்.

குரல் மாற்றி நடிக்க வேண்டுமா என்று கூச்சப்படாதீர்கள். "நான் வண்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறேன்" என்று சொல்வதும் ஆட்டம்தான், "என் ஆளு அவனைச் சமாதானப்படுத்தப் பார்க்கறா" என்று சொல்வதும் ஆட்டம்தான். நீங்கள் செய்ய வேண்டியது, வர்ணனையை நான்கைந்து வாக்கியத்தில் நிறுத்தி, ஒருவரின் பெயரைச் சொல்லி "நீ என்ன பண்றே?" என்று கேட்பது. பெயரைச் சொல்லி என்பது முக்கியம். எல்லாரையும் பொதுவாகக் கேட்டால் எப்போதும் ஒரே ஆள்தான் பதில் சொல்வார். நண்பர் கூட்டத்தில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார், நல்லவராகவும் இருப்பார். அவரை அடக்கவே வேண்டாம், அடுத்தவரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும், தானாகச் சமன் ஆகிவிடும்.

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் பேச ஒதுக்குங்கள். பயங்கரமான ஆட்டமா, கலகலப்பானதா, எத்தனை மணி வரை, யாருக்கு எது வேண்டாம். கடைசியாகச் சொன்னது நண்பர்களுக்குள் தேவையில்லை என்று தோன்றும், தேவைதான். அப்பாவை இழந்து ஆறு மாதம் ஆன நண்பன் மேஜையில் இருக்கும்போது, சாகக் கிடக்கும் ஒரு தகப்பனை நான் கதைக்குள் கொண்டுவந்தேன். தெரியாமல் செய்ததுதான், ஆனால் கேட்டிருந்தால் செய்திருக்க மாட்டேன். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கிய எக்ஸ் அட்டை என்று ஒன்று உண்டு. ஒரு தாளில் பெரிதாக எக்ஸ் போட்டு மேஜை நடுவில் வைப்பது. யாராவது அதைத் தொட்டால் அந்த விஷயத்தை விட்டுவிட்டு நகர வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. எங்கள் மேஜையில் அது இருக்கிறது.

அதே ஒரு மணி நேரத்தில், கேரக்டர்கள் ஏன் ஒன்றாகப் போகிறார்கள் என்று ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். 'இவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்', 'இவளும் நானும் ஒரே குருவிடம் படித்தோம்'. இல்லாவிட்டால் சத்திரத்தில் முன்பின் தெரியாத நான்கு பேர் ஏன் சேர வேண்டும் என்பதிலேயே முதல் மணி நேரம் போய்விடும். கேரக்டர் உருவாக்குவதற்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை, பலம், அறிவு போன்ற அந்தக் கேரக்டரின் ஆறு குணங்களுக்குப் பங்கிடும் முறையே புதியவர்களுக்குப் போதும்.

நாள் குறிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்டங்களில் நின்றுபோனவை எல்லாம் டிராகனால் நிற்கவில்லை, எல்லாருக்கும் ஒத்துவரும் நாளைத் தேடித்தான் நின்றன. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை என்று நிலையாக வையுங்கள். நான்கு பேரில் மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு, வராதவரின் கேரக்டர் குதிரைகளைப் பார்த்துக்கொள்வார். முதல் தடவை மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

பகடை கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். போனில் செயலி இருக்கிறது, ஆனால் கையில் எதையாவது எடுப்பதில் ஒரு சுகம் உண்டு. 1 முதல் 20 வரை எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள், எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். இது ஏதோ ஒப்பேற்றல் இல்லை. 1979 வாக்கில் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த விளையாட்டின் தொடக்கப் பெட்டியிலேயே பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்துத்தான் விற்றார்கள்.

முதல் ஆட்டத்தை எங்கே முடிப்பது என்றால், அவர்கள் ஒரு முடிவு எடுத்த உடனே, அதைச் செய்வதற்கு முன். "அடுத்த தடவை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு நோட்டை மூடுங்கள். அவர்கள் சொல்லும் பதில்தான் நீங்கள் இரண்டு வாரத்தில் தயார் செய்ய வேண்டியது, அதற்கு மேல் வேண்டாம். குகைக்குப் போகிறோம் என்றால் குகையை வரையுங்கள். வியாபாரி வீட்டுக் கதவைத் தட்டப் போகிறோம் என்றால், அந்த வீட்டில் அன்றிரவு யார் யார் இருக்கிறார்கள், கொட்டகையின் சாவி யாரிடம் இருக்கிறது, தட்டும் சத்தம் கேட்டதும் அவள் முதலில் எதை ஒளித்துவைப்பாள் என்று மட்டும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.